ரசல் லூப்பின்

ரசல் லூப்பின் என்பது இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த தோட்டக்காரர் ஜார்ஜ் ரசல் (1857–1951) உருவாக்கிய பல்லாண்டுப் பூச்செடி வகையாகும். இது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளர்ந்து, கதிர் போன்ற கொத்துகளாகப் பூக்கும். இதன் மூதாதைகளுள் முக்கியமான லூப்பினசு பாலிபில்லசு, 1820களில் டேவிட் டக்ளசு என்பவரால் வட அமெரிக்காவிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பூக்கள் பெரும்பாலும் நீல நிறமே.

1911 ஆம் ஆண்டு முதல் ரசல் பலவகை லூப்பின் விதைகளைத் திரட்டிக் குத்தகை நிலத்தில் விதைத்தார். மகரந்தச் சேர்க்கையைக் கையால் செய்யாமல் தேனீக்களிடமே விட்டார். ஆண்டுதோறும் சிறந்த செடிகளின் விதையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிடுங்கி எறிந்தார். 1937 இல் அரச தோட்டக்கலைக் கழகத்தின் கண்காட்சியில் இவரது பன்னிற லூப்பின்கள் தங்கப் பதக்கம் பெற்றன. பின்னாளில் நியூசிலாந்தின் ஆற்றுப்படுகைகளில் இவை களையாகப் பரவின.