கட்டைவிரலுக்குக் கிடைத்த ஓய்வு

போட்டோப் பிடிப்பதில் கண்ணுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை கட்டைவிரலுக்கும் இருந்தது என்று சொன்னால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு படம் எடுத்தாயிற்று என்றால் அடுத்த படத்துக்காகப் பிலிமை நகர்த்த வேண்டும். ஷட்டரை மறுபடியும் முடுக்கி வைக்க வேண்டும். இரண்டையும் செய்தது ஒரு சின்னஞ்சிறு நெம்புகோல். அந்த நெம்புகோலைத் தள்ளியது கட்டைவிரல். அந்த விரலுக்கு ஓய்வு கொடுப்பதற்கு மனிதன் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு தனிச் சரித்திரம்!

1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் படம் பிடிக்க விரும்பினார். குதிரையின் வேகத்துக்கு எந்த விரலால் ஈடு கொடுக்க முடியும்? ஆகவே காமிராக்களை வரிசையாக நிறுத்திவிட்டார். ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரே ஒரு படம். முடுக்குகிற தொல்லையே இல்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், பிரான்சில் மாரே என்ற விஞ்ஞானி துப்பாக்கி வடிவத்தில் ஒரு காமிரா செய்தார். அது கடிகார யந்திரத்தின் உதவியால் விநாடிக்குப் பன்னிரண்டு படங்களை எடுத்தது. பறக்கும் பறவைகளைச் 'சுட்டு', அவற்றுக்கு ஒரு தீங்கும் செய்யாத துப்பாக்கி அது.

நம் ஊரில் இந்த வேலையைக் கைதான் செய்தது. 1917-ஆம் ஆண்டில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'இந்தியா பிலிம் கம்பெனி'யைத் தொடங்கி, 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்த நடராஜ முதலியார், காமிராவின் கைப்பிடியைச் சுற்றித்தான் படம் பிடித்தார். விநாடிக்கு இரண்டு சுற்று, பதினாறு படம் என்பது அந்த நாளைய வழக்கம். கணக்குப் பிசகக் கூடாது. கை சற்றுத் தளர்ந்தால், மெதுவாக நடந்து வந்த திரௌபதி திரையில் ஓட்டமாக ஓடுவாள்!

சாதாரணப் போட்டோக் காமிராவுக்கு முதலில் வந்தது வில். 1934-இல் ஜெர்மனியில் 'ரோபோ' என்ற காமிராவைச் செய்தார்கள். கடிகாரத்துக்குக் கொடுப்பது போல் ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். பல படங்களுக்கு அதுவே பிலிமை இழுத்துக்கொள்ளும். மின்சார மோட்டாரை ஜப்பானிய நிக்கான் கம்பெனியார் 1957-இல் தங்கள் எஸ்.பி. காமிராவுக்குப் பொருத்தினார்கள். 1959-இல் 'நிக்கான் எப்' வந்தபோது, அதன் அடியில் மாட்டுவதற்கு 'எப்.36' என்ற மோட்டார் வந்தது. எட்டு செல்கள், பன்னிரண்டு வோல்ட். உச்ச வேகம் விநாடிக்கு நான்கு படம். ஒரு சுருளில் உள்ள முப்பத்தாறு படங்களும் ஒன்பதே விநாடியில் தீர்ந்துவிடும். பிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்த நம் ஊர் ஸ்டூடியோக்காரர் அந்தக் கணக்கைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் 1969-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் சந்திரனில் இறங்கியவர்கள் கையில் இருந்த ஹாஸல்பிளாட் காமிராவில் மோட்டார் இருந்தது. தடித்த கையுறைக்குள் சிக்கிய விரலால் காமிராவை முடுக்குவது எளிதா? அங்கே மோட்டார் ஆடம்பரமல்ல, அவசியம்.

சந்திரனில் ஓடிய யந்திரம் குற்றாலத்தில் ஓடத் திணறும். காரணம், சாரல். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வரையில் காற்றோடு நீர்த்துளி மிதந்து வரும். மனிதனுக்கு அது சுகம். காமிராவுக்கு அதுவே சத்துரு. லென்ஸில் பூஞ்சணம் படரும். பிலிமின் மேல் பூசிய ஜெலடின் ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். செல்கள் தொடும் தகடுகளில் களிம்பு ஏறும்.

தென்காசி நண்பர் ஒருவரிடம், அவருடைய தகப்பனார் வைத்துவிட்டுப் போன காமிராவும் எப்.36 மோட்டாரும் இருக்கின்றன. ஒவ்வொரு சீசனிலும் பேரருவியைப் படம் எடுத்தவர் அந்தப் பெரியவர். மகன் புதிய செல்களைப் போட்டு விசையை அமுக்கினார். சத்தமே இல்லை.

"அண்ணாச்சி, இது செத்துப் போச்சு. எடைக்குப் போட்டுர வேண்டியதுதான்" என்றார் என்னிடம்.

நல்லவேளையாக, ரேடியோவும் கடிகாரமும் பழுது பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. "செத்துப் போச்சான்னு கேக்காதீங்க தம்பி, எதுக்காக நிக்குதுன்னு கேளுங்க" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

முதலில் செல்கள். எட்டும் ஒரு சங்கிலி. ஒன்று தலைகீழாக இருந்தாலும், ஒரு தகட்டில் களிம்பு இருந்தாலும் சங்கிலி அறுந்தது போலத்தான். ஒரு தகடு பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்து, உலர வைத்தார். அப்போதும் ஓடவில்லை.

இரண்டாவது, காமிரா. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் முடுக்கினார். ஷட்டர் ஒழுங்காக விழுந்தது. காமிரா சிக்கியிருந்தால் மோட்டாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை அல்லவா?

மூன்றாவது, ஜாதகப் பொருத்தம். இந்த வகை மோட்டாரை ஒவ்வொரு காமிராவுக்கும் தனித்தனியே பொருத்திச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள்; அண்ணன் சட்டை தம்பிக்குச் சேராது. இரண்டும் ஆதியிலிருந்தே ஜோடி என்று மகன் உறுதி சொன்னார்.

நான்காவதாக, மோட்டாரின் முதுகிலிருந்த எண்வட்டைப் பார்த்தார். அது எத்தனை படம் எடுத்தோம் என்று எண்ணுவதில்லை. இன்னும் எத்தனை பாக்கி என்று இறங்கு வரிசையில் எண்ணும். சைபர் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் மோட்டார் முரட்டுத்தனமாக இழுத்துப் பிலிமைக் கிழித்துவிடும். வட்டு சைபரில் நின்றது.

முதியவர் அதை இருபதுக்குத் திருப்பினார். விசையை அமுக்கினார். 'கடகட'வென்று யந்திரம் ஓடிற்று!

மகன் வெகுநேரம் பேசவில்லை. தகப்பனார் தம்முடைய கடைசிச் சுருளை முழுக்க எடுத்து முடித்திருக்கிறார். சைபர் வந்ததும் 'நில்' என்ற கட்டளைக்குப் பணிந்து அந்த யந்திரம் நின்றிருக்கிறது. அன்று முதல் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் சாவு என்று நினைத்தோம்.

இந்தச் சரித்திரத்திலிருந்து எனக்குத் தோன்றும் அபிப்பிராயம் இதுதான். விரலின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. விரலின் அறிவை அது எடுத்துக்கொள்ளவில்லை. பிலிம் தீர்ந்தபோது இறுக்கத்தை உணர்ந்து தானே நின்றது கட்டைவிரல். மோட்டாருக்கு அந்த உணர்ச்சி இல்லாததால்தான் எண்வட்டை வைத்தார்கள். அந்த வட்டு எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் போன பிறகு, நன்றாக இருக்கும் எத்தனையோ யந்திரங்கள் எடைக்குப் போய்விடும். வீட்டுப் பரணில் பழைய யந்திரம் வைத்திருப்பவர்கள், தராசைத் தேடும் முன்னால், அது எதற்காக நிற்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.