சமோசா வந்த வழி

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு நிறைவுக் கூட்டத்திற்கு வந்திருந்த அன்பர்கள், மாலைச் சிற்றுண்டி வேளையில் நிகழ்ந்த ஒரு சிறு சச்சரவை மறந்திருக்கமாட்டார்கள். கேசரியும் சுழியமும் மெதுவடையும் பரிமாறப்பட்டுக்கொண்டிருக்க, நம் இளைஞர் சிலர் அவற்றோடு வெங்காயச் சமோசாவையும் சேர்த்திருந்தனர். அதனைக் கண்ட பெரியவர் ஒருவர் முகஞ்சுளித்து, "அந்நியர் பண்டம் நம் பந்தியில் எதற்கு?" என்றார். அவர் சொல்லுக்கு இருவர் மூவர் தலையசைத்தனர். அவ்வளவில் அத்தாம்பாளம் சமையற்கட்டுக்குத் திரும்பிவிட்டது. அதனைச் செய்து கொணர்ந்தவர் நம் கடைவீதியில் நெடுங்காலமாக அடுப்பு வைத்துப் பிழைக்கும் ஓர் இஸ்லாமியர். கூலிக்காகக் கட்டின் வாயிலிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். சொன்னது அவர் செவியில் விழாமலிருக்க வழியில்லை. யாதொன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

பெரியவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. முன்னோர் உண்டதை உண்ணவேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆயினும், அந்நியம் என்பது எவ்வளவில் அந்நியம், முன்னோர் என்பார் எக்காலத்து முன்னோர் என்னும் வினாக்கள் அன்றுமுதல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே இப்பண்டத்தின் சரித்திரத்தைக் கிடைத்த அளவில் ஆராய்ந்து, நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சமோசா என்பது வடநாட்டு வழக்கு. பாரசீகர் இதனைப் பண்டு 'சன்போசக்' என்றனர். அரபியர் வாயில் அது 'சன்பூசஜ்' என்றும் 'சன்பூசக்' என்றும் திரிந்தது. இன்றும் சிரியா, லெபனான், ஈராக் முதலிய தேசத்தார் 'சம்பூசக்' என்பர். உஸ்பெக்கியர் 'சம்சா' என்று சொல்லி, எண்ணெயில் பொரிக்காமல் மண்ணடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகின்றனர். செங்கடலுக்கு அப்பால் எத்தியோப்பியரும் சோமாலியரும் 'சம்பூசா' என்கின்றனர். கோவாவிலிருந்து போர்த்துக்கேயரும் ஏறக்குறைய இப்பெயரோடே இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோயினர். வங்காளத்தார் மாத்திரம் 'சிங்காரா' என்று வேறு பெயர் இட்டு அழைப்பர். இத்தனை தேசங்களில் ஒரு பெயர் சிறிது சிறிதாகத் திரிந்து வழங்குமாயின், அப்பண்டம் ஒரே வழியில் கைமாறிக் கைமாறிச் சென்றது என்பதில் ஐயமில்லை.

எழுத்தில் இதன் சுவடு பாக்தாத் நகரத்துக் கலீபாக்களின் அரண்மனையில் தெளிவாகத் தென்படுகிறது. 850-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற இஸ்ஹாக் அல்-மௌசிலி என்பார் ஹாரூன் அல்-ரஷீதின் அவையிலும் அவருக்குப் பின் வந்தோர் அவைகளிலும் இசைப் புலவராய் விளங்கியவர். அவர் சன்பூசஜ் செய்யும் முறையையே ஒரு கவியாகப் பாடிவைத்தார். 944 முதல் 946 வரை ஆண்ட கலீபா முஸ்தக்பியின் விருந்தொன்றில் அக்கவி ஓதப்பட்டதாகச் சரித்திராசிரியர் மஸ்ஊதி எழுதியிருக்கின்றார். சமையல் முறையை இசைப் புலவர் பாடுவதும், அதனை அரசர் விருந்தில் ஓதக் கேட்பதும் நமக்கு வியப்பாயிருக்கலாம். அன்ன விசாரம் அக்காலத்துப் பாக்தாதில் கனவான்களின் கல்வியில் ஒரு பகுதியாயிருந்தது.

அந்நகரத்திலேயே 1226-ஆம் ஆண்டில் முகம்மது பின் அல்-ஹசன் அல்-பாக்தாதி என்பவர் 'கிதாப் அல்-தபீக்' என்னும் சமையல் நூலை இயற்றினார். சன்பூசஜுக்கு அவர் கூறும் முறையை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். கொத்திய இறைச்சியைக் கொத்துமல்லி, சீரகம், மிளகு, இலவங்கப்பட்டை, புதினா, வாதுமைப் பருப்பு முதலியன சேர்த்துப் பக்குவம் செய்துகொள்ளவேண்டும். மெல்லிய ரொட்டியை நீளநீளமான நாடாக்களாகக் கத்தரித்து, ஒவ்வொரு நாடாவிலும் பூரணத்தை வைத்து முக்கோணமாக மடிக்கவேண்டும். ஓரத்தைக் கரைத்த மாவால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரித்தெடுக்கவேண்டும். இறைச்சிக்குப் பதிலாகச் சர்க்கரையும் வாதுமையும் பன்னீரும் இட்ட இனிப்பு வகையும் அந்நூலிலேயே உண்டு.

இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் திகைத்திருந்தோம் என்றால் மிகையாகாது. ஏனெனில் நம் ஊர்க் கடைவீதியில் அப்பெரியவர் நாள்தோறும் செய்வது இதுவே. நேயர்களில் பலர் உண்டிருப்பர். செய்வதைப் பார்த்தவர் சிலரே இருப்பராதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். மைதா மாவை உப்பிட்டு இறுகப் பிசைந்து ஊறவைத்து, சிறு பூரிகளாகத் தேய்த்து, ஒவ்வொன்றின்மேலும் எண்ணெய் தடவி மாவு தூவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். அவ்வடுக்கை ஒருசேர மெல்லிதாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் இருபுறமும் சிவவாமல் வாட்டி, சூடு ஆறுமுன் ஏடு ஏடாக உரித்தெடுப்பர். பின்னர் மூன்று விரல் அகலப் பட்டிகளாக வெட்டுவர். பட்டியின் ஒரு முனையை மடித்துப் பையாக்கி, அதனுள் அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை ஆகியவற்றின் கலவையை இட்டு, மறுமுனையைச் சுற்றி மடக்கி மைதாப் பசையால் ஒட்டுவர். வெங்காயம் நீர் விட்டால் பட்டி நைந்துவிடும். அதற்காகச் சிறிது அவலைக் கலப்பதும் உண்டு. மூலையில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் எண்ணெய் உட்புகுந்துவிடும். எண்ணெய் மிகக் காய்ந்திருந்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மிதமான சூட்டில் பொறுமையாக வேகவைத்ததே கையிலெடுக்கும்போது சலசலக்கும்.

வடநாட்டில் பெரிதும் வழங்கும் சமோசா இவ்வாறானதன்று. நெய் கலந்து பிசைந்த தடித்த மாவைத் தேய்த்து, பாதியாய் அறுத்துக் கூம்பாகச் சுருட்டி, உருளைக்கிழங்கை அடைத்து நிற்கும்படி செய்வர். அதுவும் சுவையுடையதே. ஆயினும் 1226-இல் பாக்தாதில் எழுதிவைத்த முறையை அணுவளவும் பிசகாமல் மடித்துக் காட்டுவது நம் தெருவிலுள்ள சிறிய வெங்காயச் சமோசாதான். பட்டியும் மடிப்பும் பசையும் அப்படியே இருக்கின்றன.

நிற்க. அப்பாக்தாத் பூரணத்தின் உள்ளே இருந்தவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மிளகு மலையாளக் கரையிலிருந்து அரபிக் கப்பல்களில் ஏறிச் சென்ற சரக்கு. எள் இந்நாட்டிலேயே பண்படுத்தப்பட்ட பயிர் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் முடிபு; ஹரப்பா அகழ்வில் கரிந்த எள் கிடைத்திருக்கிறது. ஆகவே இப்பண்டம் நம் நாட்டில் கால்வைப்பதற்கு முன்னரே நம் நாட்டுச் சரக்கு அதனுள் புகுந்துவிட்டது.

இனி இந்நாட்டில் அது வந்த கதை. தில்லிச் சுல்தான்களின் காலத்தில் அவர்தம் அரண்மனைகளோடு இதுவும் வந்தது. 1253 முதல் 1325 வரை வாழ்ந்த கவிஞர் அமீர் குஸ்ரு, தில்லிப் பிரபுக்கள் இறைச்சியும் நெய்யும் வெங்காயமும் கொண்டு செய்த சமோசாவை விரும்பியுண்டதைக் குறிப்பிட்டிருக்கின்றார். அவர் பெயரால் வழங்கும் விடுகதைகளுள் சமோசாவை ஏன் தின்னவில்லை, செருப்பை ஏன் அணியவில்லை என்னும் இரு கேள்விகளுக்கு ஒரே விடை கூறும் சிலேடையும் ஒன்று. பொரித்தல் என்பதற்கும் செருப்பின் அடித்தோலுக்கும் அம்மொழியில் ஒரே ஒலி அமைந்திருத்தலே அதன் நயம். விடுகதையில் ஏறிவிட்ட பண்டம் அரண்மனையை விட்டு வெளியே வந்துவிட்டது என்று நாம் கொள்ளலாம்.

தாஞ்சியரில் 1304-இல் பிறந்த யாத்திரிகர் இபின் பதூதா 1333-இல் சிந்து நதியை அடைந்து, பின் முகம்மது பின் துக்ளக்கின் அரசாங்கத்தில் நியாயாதிபதியாக அமர்ந்தவர். சுல்தானின் விருந்தினருக்குப் பண்டங்கள் வந்த வரிசையை அவர் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். வாதுமையும் அக்ரோட்டும் பிஸ்தாவும் வெங்காயமும் மசாலையும் சேர்த்துச் சமைத்த கொத்திறைச்சியை மெல்லிய ரொட்டியில் சுற்றி நெய்யில் பொரித்து, ஒவ்வொருவர் முன்னும் நாலைந்தாக வைத்தனராம். விருந்தின் முடிவில் தாம்பூலம் கொடுத்தனராம். பந்தி முடிவில் வெற்றிலை பாக்கு வைப்பது நம் வழக்கம் என்பதை அறியாதார் யார்? சமோசாவும் தாம்பூலமும் ஒரே விருந்தில் அமர்ந்து இன்றைக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன.

இதே இபின் பதூதா பின்னர் கப்பல் விபத்துக்குத் தப்பி நம் தமிழ்நாட்டுக் கரையிலும் இறங்கினார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தார். அங்கே அவர் கண்டு எழுதியது விருந்தையன்று. அச்சுல்தானின் கொடுஞ்செயல்களையும் மதுரையைப் பிடித்த கொள்ளைநோயையுமே. இதனை நாம் மறைப்பதற்கில்லை. வாளோடு வந்தவரோடு வந்த பண்டமாயிற்றே என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் வாள் பிடித்த கை வேறு, பட்டி மடித்த கை வேறு. அரசர் உண்ட பெயர் நூல்களில் நின்றது. மடித்துப் பொரித்தவர் பெயரை எந்தச் சரித்திராசிரியரும் எழுதவில்லை.

மாளவ தேசத்து மாண்டு நகரில் 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாத் ஷா, ஆட்சிப் பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு இன்பங்களிலே காலங்கழித்தவர். அவருடைய சமையல் முறைகளைத் தொகுத்த 'நிமத்நாமா' என்னும் பாரசீக நூல் இன்று இலண்டன் நகரத்து நூலகத்தில் உள்ளது. சுல்தான் பார்த்திருக்கச் சமோசா செய்வது அதில் சித்திரமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. மான் இறைச்சி, குங்குமப்பூ, வெந்தயம் மணக்கும் நெய், சுக்கு, கிராம்பு, கத்தூரி, பன்னீர் என்று அவர் இட்ட பூரணத்தைப் படிக்கும்போதே நமக்குத் தலை சுற்றுகிறது. பொரிக்குமுன் குச்சியால் ஒரு துளை இடவேண்டுமாம். நம் கடைவீதிப் பெரியவர் கேட்டால் இதற்கு ஒப்பமாட்டார்.

அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யில் அபுல் பசல் இதனைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார். 'குத்தாப்' என்னும் இதனை இந்து தேசத்தார் சன்பூசா என்பர் என்று தொடங்கி, 10 சேர் இறைச்சிக்கு 4 சேர் மாவு, 2 சேர் நெய், 1 சேர் வெங்காயம், கால் சேர் இஞ்சி என அளவு கூறி, இதனை 20 விதமாகச் சமைக்கலாம் என்று எழுதுகிறார். இந்நாட்டார் வழங்கும் பெயர் என்று அவர் அதனைக் குறித்தது நோக்கத்தக்கது.

மேற்கூறிய எந்நூலிலும் மிளகாயும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாய், 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னரே போர்த்துக்கேயரால் நம்மை அடைந்தது. உருளைக்கிழங்கு பரவலாகப் பயிரானது ஆங்கிலேயர் காலத்தில். மிளகைப் போல் காரமுள்ள காய் என்று நம்மவர் பெயரிட்டதிலிருந்தே எது முந்தியது என்பது விளங்கும். இவ்விரண்டையும் விலக்கிவிட்டால் நம் வீட்டு விசேஷத்துச் சமையலில் எஞ்சுவது எவ்வளவு என்பதைத் தாய்மார்களே சொல்லட்டும்.

பெருங்காயத்தின் கதை இன்னும் சுவையானது. ஆசாரமிக்க அடுக்களைகளிலும் அஃதின்றிச் சாம்பாரும் இரசமும் இல்லை. அதன் பிறப்பிடம் பாரசீகமும் ஆப்கானிஸ்தானமுமாம். 2020-ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அரசாங்க விஞ்ஞானிகள் அச்செடியை நட்டனர். அதுவரை நாம் உபயோகித்து வந்ததெல்லாம் வெளிநாட்டுச் சரக்கே. சமோசா வந்த அதே வழியில் வந்த பெருங்காயத்தை, அன்று நாம் பரிமாறிய மெதுவடையில் எல்லாரும் மனமகிழ்ந்து உண்டோம்.

இனி இது எவருடைய பண்டிகைக்கு உரியது என்று பார்ப்பின், விடை ஒன்றாக இல்லை. ரமலான் மாதத்தில் நம் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் வைப்பதை நாம் காண்கிறோம். ஈராக்கிலும் சிரியாவிலும் வாழ்ந்த யூதர்கள் கொண்டைக்கடலையோ பாலாடைக்கட்டியோ அடைத்த சம்பூசக்கைத் தம் பண்டிகைகளில் செய்தனர். லெபனான் கிறிஸ்தவர் வீட்டு விருந்திலும் முதலில் வருவனவற்றுள் இது ஒன்று. இவர்களுள் எவரும் தம் பாட்டி செய்ததென்று சொல்வாரேயன்றிப் பிறர் பண்டமென்று சொல்லார். தீபாவளிக்கு நம் வீடுகளில் மாவை மடித்துப் பூரணம் இட்டு ஓரம் கிள்ளிப் பொரிக்கும் சோமாசை நினைத்துக்கொண்டால், மடித்துப் பொரிப்பது நம் கைக்கும் புதிதன்று.

சமோசாவை வைத்தே ஆகவேண்டுமென்று எவரையும் நாம் வற்புறுத்தவில்லை. வேண்டாதவர் வடையை உண்ணட்டும். பந்திக்கு வந்த தாம்பாளத்தைத் திருப்பியனுப்பியது மாத்திரம் நமக்கு உவப்பாயில்லை. அன்று அங்கிருந்தும் நாம் வாய் திறவாதிருந்தது அதனினும் உவப்பாயில்லை. வரும் தை மாதக் கூட்டத்திற்கு 300 சமோசா வேண்டுமென்று அப்பெரியவரிடம் நேரிற் சென்று சொல்லிவிட்டு வந்தோம். சென்ற ஆண்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் தொடங்கத் தெரியாமல் நின்றோம். எந்த எண்ணெயில் பொரிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார், நல்லெண்ணெயில் என்றோம். விலை சற்றுக் கூடும் என்றார். கூடுதல் தொகையை நாமே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வர இருக்கும் அன்பர்கள் தத்தம் குடும்பத்தினர் தொகையைச் சங்கக் காரியதரிசிக்கு மார்கழி இறுதிக்குள் எழுதித் தெரிவிப்பார்களாயின், எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வசதியாயிருக்கும்.