நூறு கிராமும் ரெண்டு கரண்டியும்

‘டயட்டீஷியன்’ என்று போர்டு மாட்டிக்கொள்ள இந்தியாவில் 2021 வரை எந்த மத்தியச் சட்டமும் தகுதி கேட்டதில்லை. அந்த வருஷம் வந்த சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் உணவியலாளர்களையும் பட்டியலில் சேர்த்தது. அதுவரை ‘ரெஜிஸ்டர்டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது அரசாங்கம் இல்லை, 1963இல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் முதல் தலைவர். கல்லூரியில் முதுகலை, மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி, அப்புறம் சங்கத்தின் தேர்வு. கல்லூரியும் மருத்துவமனையும் பங்குபோட்டு ஒருத்தரை உருவாக்குகிற ஏற்பாடு இது.

கல்லூரிப் பங்கின் வேர் குன்னூரில் இருக்கிறது. 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியை ஆரம்பித்தார். பிற்பாடு அவர் பல மாகாணத்துச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை பிரபலம். சப்பாத்தி, பால், பருப்பு, கீரை தின்ற பஞ்சாப் எலிகள் கொழுத்தன. நம்ம மதராஸ் எலிகள் கடைசி. எனக்கு இதில் கொஞ்சம் ரோஷம் உண்டு. ஆனா அரிசியிலேயே ரெண்டு கதை இருக்கு. தீட்டிய பச்சரிசியில் தயமின் தவிட்டோடு போய்விடும். நெல்லைப் புழுக்கினால் அது அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடும். ஆந்திரக் கடலோரத்தை வாட்டிய பெரிபெரி, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் ஊர்களை அந்த அளவுக்குத் தொடவில்லை. அடுத்து வந்த ஆய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத் போனது. 2017 பதிப்பில் 528 உணவுகள். எல்லாமே நூறு கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு, பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கு.

எனக்கு இது பழக்கமான சிக்கல். டேட்டாபேஸ் சுத்தமா இருக்கும், யூசர் வேற பாஷை பேசுவார்.

என் அத்தை மகள் அறந்தாங்கிக்காரி. பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில் ஒரு சர்க்கரை நோயாளியிடம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டிருக்கிறாள். “காலையில கஞ்சி ஒரு சொம்பு, மத்தியானம் சோறு, குழம்பு ரெண்டு கரண்டி.” எந்தக் கரண்டி? சொம்பில் சோறு எத்தனை, தண்ணி எத்தனை? கோட்டைப்பட்டினம் மீன் குழம்பிலும் ஆலங்குடி புளிக்குழம்பிலும் எண்ணெய் ஒரே அளவா? பட்டியலில் பதில் கிடையாது.

மருத்துவமனைப் பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. சமையற்கூடத்தில் நின்று கரண்டி கரண்டியாக எடை போட்டுப் பழகுவது. அங்கே தட்டு போகும், பாதி திரும்பி வரும். மிச்சத்தையும் நிறுக்கணும், இல்லாவிட்டால் நோயாளி சாப்பிட்ட கணக்கு பொய். அத்தை மகள் இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தால் எங்கள் கரண்டியை எடுத்து, தண்ணீர் ஊற்றி, எத்தனை மில்லி என்று அளந்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள்.