திரையில் கிறிஸ்து: அழுகையும் மருட்கையும் வெகுளியும்

சமயச் சார்புள்ள திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழும்போது இருவகைக் கருத்துகள் உடனே முன்வைக்கப்படுகின்றன. அவை வெறும் பிரசாரம், கலையென்று கொள்ளத்தக்கன அல்ல என்பது ஒன்று. அவை நம்பிக்கை சார்ந்தவை, விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை என்பது மற்றையது. இரண்டுமே பார்வையாளனை மறந்துவிடுகின்றன. சினிமா தோன்றிய சில ஆண்டுகளிலேயே கிறிஸ்துவின் வாழ்வு திரைக்கு வந்துவிட்டது. அன்று தொட்டு அப்படங்களைக் கிறிஸ்தவர்களும் பிற சமயத்தவர்களும் திரண்டு பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்களை ஈர்த்தது எது? அந்த ஈர்ப்பு அவர்களுடைய சமய நோக்கை விரித்ததா, சுருக்கியதா?

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். இக்கேள்விக்கு என் கையிலுள்ள அளவுகோல் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடுகள் எட்டென்று வகுத்த ஆசிரியர், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்குமென்றார். அழுகைக்கு அவர் சொன்ன நான்கும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, நற்செய்தி நூல்கள் சொல்லும் கதையை எண்ணிப் பாருங்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறப்பு; அது வறுமை. குருத்தோலை ஏந்தி ஆரவாரத்தோடு வரவேற்ற நகரத்திலேயே ஐந்து நாட்களில் குற்றவாளியாக நிறுத்தப்படுதல், அது அசைவு. முள்முடி சூட்டிப் பரிகசித்தல் இளிவு. மகனின் உடலைத் தாய் பார்த்து நிற்றல் இழவு. அழுகையின் நான்கு நிலைக்களன்களும் ஒரே கதையில் வந்து சேர்கின்றன. இதை உணர்வதற்கு ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியதில்லை. இக்கதையின் பொதுக் கவர்ச்சிக்கு அடிப்படை இதுவே என்பது என் துணிபு.

வரலாற்றுக்கு வருவோம். பவேரியாவிலுள்ள ஒபரம்மர்காவ் கிராமத்தவர்கள் 1633 ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒரு நேர்த்தி வைத்தார்கள். அதன்படி 1634 இல் தொடங்கிய திருப்பாடுகளின் நாடகம், பத்தாண்டுக்கு ஒருமுறை ஆடப்படும் மரபாக இன்றுவரை நிலைத்துள்ளது. இத்தகைய கத்தோலிக்க மரபு புரட்டஸ்தாந்து செல்வாக்கு மிக்க அமெரிக்காவில் எளிதில் ஏற்கப்படவில்லை. சால்மி மோர்ஸ் என்பவர் எழுதிய திருப்பாடுகளின் நாடகம் 1879 இல் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறியபோது, இயேசுவாக நடித்தவர் கைது செய்யப்பட்டார். அந்த நடிகர் ஜேம்ஸ் ஓ'நீல். பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் தந்தை. அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் அதே நாடகத்தை மேடையேற்ற எடுத்த முயற்சியும் கடும் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது.

ஆனால் அதே நியூயோர்க்கில் 1898 இல், ஒரு பெருங்கட்டடத்தின் மொட்டைமாடியில் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட திருப்பாடுகளின் படம் திரையிடப்பட்டபோது மக்கள் அமைதியாக இருந்து பார்த்தார்கள். ஒபரம்மர்காவ் நாடகத்தின் பெயரால் விளம்பரப்படுத்தப்பட்ட அப்படம் உள்ளூரில் எடுக்கப்பட்டதென்ற உண்மையைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதன் பின்னரும் கூட்டம் குறையவில்லை. மத போதகர்களும் அப்படத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். சம்பளத்துக்கு நடிக்கும் ஒருவன் உடலோடு முன்னே நின்று தன்னைக் கிறிஸ்து என்பதைப் பொறுக்காத கண்கள், அவனது நிழலைப் பொறுத்துக்கொண்டன. நிழலில் நடிகன் மறைந்து கதை மட்டும் எஞ்சியது போலும்.

எனினும் தயக்கம் முற்றாக நீங்கிவிடவில்லை. 1913 இல் பணி தொடங்கிய பிரித்தானியத் திரைப்படத் தணிக்கைச் சபைக்கு ஆரம்பத்தில் இருந்த திட்டவட்டமான தடைகள் இரண்டு மட்டுமே. ஒன்று நிர்வாணம், மற்றது கிறிஸ்துவின் உருவத்தைக் காட்டுதல்.

இக்காலத்தில் அப்படங்கள் இந்தியாவுக்கும் வந்தன. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் டூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. கூடாரமடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய அவரே பின்னர் 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கை நிறுவினார். தென்னிந்தியாவில் சினிமா வேரூன்றியதில் கிறிஸ்துவின் கதைக்கும் பங்குண்டு.

இதைவிட முக்கியமானது பம்பாயில் நிகழ்ந்தது. சமஸ்கிருத அறிஞர் ஒருவரின் மகனாகத் திரியம்பகேஸ்வரத்தில் பிறந்த தாதாசாகேப் பால்கே, 1910-11 காலப்பகுதியில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படமொன்றைப் பார்த்தார். அந்த அனுபவத்தை 1917 இல் ஒரு மராத்தி இதழில் அவர் எழுதியுள்ளார். கண்ணெதிரே கிறிஸ்துவின் வாழ்வு ஓடிக்கொண்டிருக்க, அவரது மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் தோன்றினவாம். அவர் மதம் மாறவுமில்லை. அந்நிய சமயமென்று அதை வெறுக்கவுமில்லை. தம்முடைய தெய்வங்களை இவ்வாறு திரையில் காணும் நாள் வருமா என்று ஏங்கினார். அந்த ஏக்கத்தில் பிறந்ததே 1913 மே 3 ஆம் திகதி பம்பாயில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்ட 'ராஜா ஹரிச்சந்திரா'.

அவர் தெரிந்தெடுத்த கதை எது என்பதைக் கவனியுங்கள். நாடிழந்த அரசன், விலைக்கு விற்கப்பட்ட மனைவி, சுடலை காக்கும் இழிதொழில், பாம்பு தீண்டி இறந்த மகன். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்துக் கண்கலங்கிய யாழ்ப்பாணத்து இரசிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே இளிவு, அதே இழவு, அதே அசைவு, அதே வறுமை. கிறிஸ்துவைக் கண்டு அரிச்சந்திரனைப் படைத்தார் பால்கே. 1917 இல் அவரது 'லங்கா தகன்' படத்தில் இராமர் தோன்றியதும் சபையோர் பாதணிகளைக் கழற்றினர் என்று பதிவுகள் கூறுகின்றன.

தமிழில் இந்த வழியில் வந்த படம் 1948 இல் சிட்டாடெல் நிறுவனம் வெளியிட்ட 'ஞானசௌந்தரி'. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட பெண், தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் கதை. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இக்கதையைப் படமாக்கியது. மக்கள் கொண்டாடியதோ சிட்டாடெலின் படத்தையே. எம்மவருக்கு இக்கதை புதிதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலும் கத்தோலிக்கக் கூத்து மரபில் ஏற்கனவே வாழ்ந்த கதை இது.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். இந்துவாகப் பிறந்து இஸ்லாமியரால் வளர்க்கப்பட்டவனை நாயகனாக்கி 1961 இல் 'பாவமன்னிப்பு' எடுத்த ஏ. பீம்சிங், தமது இறுதிக் காலத்தில் தெலுங்கில் 'கருணாமயுடு' என்ற இயேசுவின் கதையை இயக்கினார். 1978 ஜனவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் படம் வெளிவந்தது. பிற இந்திய மொழிகளுக்கு மாற்றப்பட்டு, கிராமங்களில் திறந்த வெளியிலும் திரையிடப்பட்டது. இயேசுவாக நடித்த விஜயசந்தர் 1986 இல் சீரடி சாயிபாபாவாகவும் நடித்தார். இரண்டையும் ஏற்றுக்கொள்வதில் பார்வையாளருக்குத் தடையேதும் இருக்கவில்லை.

ஹொலிவூட் சென்ற பாதை வேறு. தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்த ஐம்பதுகளில், வீட்டில் காணமுடியாத பிரமாண்டத்தைக் காட்டி மக்களை மீட்கப் படநிறுவனங்கள் முயன்றன. அதற்கு வேதாகமக் கதைகள் கைகொடுத்தன. சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்த முதற் படமான 'த ரோப்' 1953 இல் வந்தது. கடல் பிளக்கும் 'பத்துக் கட்டளைகள்' 1956 இல் வந்தது. பதினொரு ஒஸ்கார் விருதுகளை வென்ற 'பென்ஹர்' 1959 இல் வந்தது. இங்கே முதன்மை பெற்றது மருட்கை. பெருமையும் புதுமையும் கண்டு பிறக்கும் வியப்பு. ஆயினும் 'பென்ஹர்' கிறிஸ்துவின் முகத்தைக் காட்டாது விட்டது. தேரோட்டத்தை அவ்வளவு விரிவாகக் காட்டிய கமரா, அந்த ஒரு முகத்துக்கு முன்னால் ஒதுங்கி நின்றது.

மீண்டும் அழுகைக்குத் திரும்பியவர், வியப்புக்குரிய வகையில், ஒரு மார்க்சியவாதி. இத்தாலியக் கவிஞரும் நெறியாளருமான பசோலினி கடவுள் நம்பிக்கையற்றவர். 1964 இல் அவர் எடுத்த 'மத்தேயு எழுதிய நற்செய்தி' தென்னித்தாலியின் வறிய மத்தேரா நகரிலும் அயற்புறங்களிலும் படமாக்கப்பட்டது. நடித்தவர்கள் பெரும்பாலும் நடிப்பறியாத சாதாரண மக்கள். முதிய மரியாளாக நடித்தவர் பசோலினியின் சொந்தத் தாயார். அவருடைய இளைய மகன் 1945 இல் கொல்லப்பட்டிருந்தான். மகனை இழந்த தாய், மகனை இழந்த தாயாக நடித்தாள். பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பரின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இப்படத்தை, சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995 இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியல் சேர்த்துக்கொண்டது.

இப்போது வெகுளிக்கு வருகிறேன். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன அதன் நிலைக்களன்கள். மெல் கிப்சன் 2004 இல் வெளியிட்ட 'த பேஷன் ஒப் த கிறைஸ்ட்' ஏறத்தாழ 3 கோடி டொலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 60 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. தேவாலயங்கள் திரையரங்குகளையே மொத்தமாகப் பதிவு செய்தன. அரமேயம், இலத்தீன், எபிரேயம் ஆகிய மொழிகளில் பேசும் இப்படத்தைப் பார்த்து உள்ளமுருகி அழுதோர் எண்ணற்றோர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்டையடி நீள நீள, யார் துன்புறுகிறார் என்பதைவிட யார் துன்புறுத்துகிறார்கள் என்பதே மனத்தில் தங்குகிறது. கிறிஸ்துவின் மரணப் பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தப் பழைய காயம் திரும்பக் கிளறப்படுகிறதென்று யூத அமைப்புகள் கவலைப்பட்டதில் நியாயமுண்டு.

இவ்வெற்றி, நம்பிக்கையாளரென்ற தனிச் சந்தை ஒன்று இருப்பதை அமெரிக்கப் படத்துறைக்கு உணர்த்தியது. அதன்பின் வந்தவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜோர்ஜியா மாநிலத் தேவாலயமொன்றின் முயற்சியால் 2008 இல் உருவான 'பயர்புரூப்', முறியவிருந்த திருமணமொன்றைக் காக்கப் போராடும் தீயணைப்பு வீரரின் எளிய கதை. ஆனால் 2014 இல் வந்த 'கோட்ஸ் நொட் டெட்' வேறுவகை. அதில் கடவுளை மறுக்கும் பேராசிரியர் மாணவரைக் கட்டாயப்படுத்துகிறார். இஸ்லாமியத் தந்தை, கிறிஸ்துவை ஏற்ற மகளை அடித்துத் துரத்துகிறார். ஏறத்தாழ 20 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 6 கோடி டொலர் அளவில் வசூலித்தது. தம்மைப் படித்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள் என்ற மனக்குறை அந்தப் பார்வையாளரிடம் உண்மையிலேயே இருந்தது. படம் அதற்கு வடிகால் தந்தது. ஆயினும் அந்தத் திரையில் பிறசமயத்தவருக்குக் கிடைத்த பாத்திரம், எதிரியின் பாத்திரம். அப்படத்தைப் பார்த்து ஒரு பால்கே உருவாகியிருக்க மாட்டார்.

இதைக் கிறிஸ்தவர்மீது குறையாகச் சொல்லவில்லை. சமணரைக் கழுவேற்றிய கதையை மகிழ்ச்சியோடு சொல்லும் பழக்கம் எம் சைவ மரபிலும் உண்டு. வெகுளியைச் சமயங்கள் யாவும் அறியும். அதுபோலவே அழுகையையும் அறியும். எங்கள் கல்லூரியில் வீரமாமுனிவரின் தேம்பாவணியைக் கற்பிக்கிறேன். திருநீறணிந்த மாணவர்கள் வளனாரின் துயரத்துக்காக வருந்துகிறார்கள். அதனால் அவர்களுடைய சைவம் குறைந்ததாக நான் கண்டதில்லை.

நான்கு பெருஞ்சமயத்தவர் ஒரே தெருவில் வாழும் நாடு எமது நாடு. மடுத் திருத்தலத்துக்கு இந்துக்களும் யாத்திரை போகிறார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் சிந்திய இரத்தத்தையும் நாம் கண்டோம். இங்கே ஒரு சமயப் படம் எந்த மெய்ப்பாட்டை எழுப்புகிறது என்பது இரசனையோடு மட்டும் முடிந்துவிடும் விடயமன்று. அயலானின் தெய்வம் படும் துன்பத்தைக் கண்டு கலங்கியவன், அந்த அயலானின் கோவிலுக்குக் கல்லெறிய எளிதில் கையோங்க மாட்டான். பாடசாலைகளிலும் பங்கு மண்டபங்களிலும் கோவில் முன்றல்களிலும் பக்திப் படங்களைத் திரையிடுவோர், தெரிவு செய்யுமுன் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுமென்பது ஓர் ஆசிரியனாக என் வேண்டுகோள்.