சண்டையா, நடனமா? – தெருவில் பிறந்த ஓர் ஆட்டத்தின் வரலாறு

1980ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நியூயார்க் நகரின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில், சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் கலகம் நடப்பதாகச் செய்தி வந்தது. மார்த்தா கூப்பர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் காமிராவுடன் விரைந்தார். அங்கே கலகம் எதுவும் இல்லை. முகம் வாடிய சில சிறுவர்களும் அவர்களைப் பிடித்து வைத்திருந்த காவலரும்தான் இருந்தார்கள். சிறுவர்கள் சண்டையிட்டதாகக் காவலர்கள் நினைத்தார்கள். தாங்கள் ஆடிக்கொண்டிருந்ததாகச் சிறுவர்கள் சாதித்தார்கள். அப்படியானால் ஆடிக் காட்டுங்கள் என்றார்கள் காவலர்கள். ஒருவன்பின் ஒருவனாகச் சிறுவர்கள் அங்கேயே ஆடிக் காட்டினார்கள். விவாதத்தால் தீராத வழக்கு ஒரு சோதனையால் தீர்ந்தது!

திரைப்படங்களின் வழியே 'பிரேக் டான்ஸ்' என்று நாம் அறிந்திருக்கும் ஆட்டம்தான் அது. ஆடுவோர் அதைப் 'பிரேக்கிங்' என்பர். எங்கள் கல்லூரி வராந்தாவில் மாலை வேளைகளில் அதை ஆடும் மாணவர்களைக் கண்டு நானும் முதலில் முகம் சுளித்தவன்தான். அதன் வரலாற்றைப் படித்த பிறகு, அந்தக் காவலர்கள் செய்த முதல் தவற்றையே நானும் செய்திருக்கிறேன் என்பது புரிந்தது.

எரிந்த நகரில் எழுந்த இசை

நியூயார்க்கின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று பிராங்க்ஸ். 1948இல் தொடங்கி, குடியிருப்புகளின் நடுவே ஒரு விரைவு நெடுஞ்சாலையை வெட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களுமான ஏழைகளே பெரும்பாலும் எஞ்சினார்கள். 1970களில் கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. 1970க்கும் 1980க்கும் இடையில், பிராங்க்ஸின் 44 கணக்கெடுப்பு வட்டாரங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் தம் கட்டடங்களில் பாதிக்கு மேல் இழந்தன. 1975இல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். தெருக்களில் இளைஞர் கும்பல்கள் எல்லை பிரித்துக்கொண்டு மோதின. 1971 டிசம்பரில் ஹோ அவென்யூவில் கும்பல் தலைவர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். மோதல்கள் முற்றிலும் ஒழியவில்லை. ஆயினும் ஒரு பகுதிப் பிள்ளைகள் மறு பகுதிக்குப் போய்வர ஓரளவு வழி பிறந்தது.

இந்தச் சூழலில் 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் ஒரு சிறு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்பல் என்ற மாணவி செய்த ஏற்பாடு அது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட். ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமெய்க்காவில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்த அவருக்கு அப்போது வயது 18. 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர்.

ஹெர்க் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டு முழுவதற்கும் ஆடாதவர்கள்கூட, பாடகர் நிறுத்தித் தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில் துள்ளி எழுந்தார்கள். அந்த இடைவெளிக்குப் 'பிரேக்' என்று பெயர். அதை நீட்ட முடியுமா? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழற்றிகளில் வைத்தார். ஒன்றில் தாளப்பகுதி முடியும்போது மற்றதில் அதே பகுதியைத் தொடங்கினார். அது முடிவதற்குள் முதல் தட்டின் முள்ளைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். சில விநாடித் தாளம் பல நிமிடங்களுக்கு நீண்டது. அந்தப் 'பிரேக்'கில் ஆடியவர்கள் 'பி-பாய்', 'பி-கேர்ள்' எனப் பெயர் பெற்றார்கள்.

மேற்குக் கரையின் பங்கு

தெரு நடனம் அனைத்தும் பிராங்க்ஸில் பிறந்ததன்று. 1970ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேம்பல் என்ற தொழிற்கல்லூரி மாணவர், அப்போது பிரபலமான ஓர் ஆட்டத்தைச் சரியாக ஆட வராமல், கையை நடுவழியில் சட்டென நிறுத்திவிடுவார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரோ அந்தத் தடுமாற்றத்தையே ஒரு பாணியாக்கினார். பூட்டுப் போட்டது போல் உடல் நிற்பதால் அது 'லாக்கிங்' எனப்பட்டது. 1977இல் ஃபிரெஸ்னோ நகரில் பூகலூ சாம் என்பவர் அமைத்த குழு, தசைகளைத் தாளத்துக்கேற்ப வெட்டி இறுக்கித் தளர்த்தும் 'பாப்பிங்' முறையைப் பரப்பியது.

இவை எதற்கும் மேடையோ கட்டணமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. சமதளத் தரை போதும். சொரசொரப்பான சிமென்ட் தரையானால் மேலே ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டால் ஆடுகளம் தயார். சுற்றி நிற்போரின் வட்டத்துக்குச் 'சைஃபர்' என்று பெயர். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் ஆட மற்றவர் அதற்கு ஆட்டத்தாலேயே பதில் சொல்வது 'பேட்டில்'. எதிராளியைத் தொடலாகாது என்பது அதன் விதி. சண்டையின் ஆவேசம் முழுவதும் உண்டு. அடி மட்டும் இல்லை. சுரங்க நிலையத்தில் காவலர்கள் ஏமாந்ததில் வியப்பென்ன!

அட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம்

வகுப்பில் கோண உந்தத்தை விளக்க, கையில் எடைகளுடன் ஒரு மாணவரைச் சுழல் நாற்காலியில் அமர்த்திச் சுற்றிவிடுவோம். கைகளை மடக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். தலையில் நின்று சுழலும் 'ஹெட்ஸ்பின்'னில் உடலே அந்த நாற்காலி. கால்களை அகல விரித்துச் சுழற்சியைத் தொடங்குகிறார் ஆட்டக்காரர். பின் கால்களைச் சேர்க்கிறார். அப்போது நிலைமத் திருப்புத்திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், உராய்வைப் புறக்கணித்த கணக்கில், சுழல்வேகம் மூன்று மடங்காகும். கோண உந்தம் மாறாது. ஆனால் சுழற்சியின் இயக்க ஆற்றல் மூன்று மடங்காகிவிடும்! இந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? வெளியே விலகப் பார்க்கும் கால்களை உள்ளே இழுக்கத் தசைகள் செய்த வேலையிலிருந்து வந்தது.

மைக்கேல் ஜாக்சன் 1983இல் மேடையில் ஆடிப் புகழ்பெறச் செய்த 'மூன்வாக்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முன்பே பிறர் ஆடிய நகர்வு அது. குதிகாலைத் தூக்கிய காலின் முன்பாதத்தில் எடை முழுவதும் அழுந்துவதால் உராய்வு மிகுந்து அந்தக் கால் தரையைப் பற்றிக்கொள்கிறது. தட்டையாக இருக்கும் மற்றக் காலில் எடை குறைவு. ஆகவே அது வழுக்கிப் பின்செல்கிறது. ஒரே தரை, ஒரே காலணி. எடை மாறுவதால் உராய்வு மாறுகிறது. ஆட்டத்தின் முடிவில் ஒற்றைக் கையில் உறைந்து நிற்கும் 'ஃபிரீஸ்' நிலையிலோ, உடலின் ஈர்ப்பு மையம் உள்ளங்கையின் சிறு பரப்புக்கு நேர்மேலே நின்றாக வேண்டும். சற்று விலகினாலும் விழ வேண்டியதுதான்.

தெருவிலிருந்து பள்ளிக்கு

1981இல் நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் ராக் ஸ்டெடி குழுவும் டைனமிக் ராக்கர்ஸ் குழுவும் மோதின. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரேக் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். பின்னர் அமெரிக்காவில் மோகம் தணிந்தது. ஆனால் ஆட்டம் கடல் கடந்துவிட்டது. 1990இல் ஜெர்மனியில் 'பேட்டில் ஆஃப் தி இயர்' போட்டி தொடங்கியது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2012 முதல் அங்கு நடுநிலைப் பள்ளிகளில் மாணவர், மாணவியர் இருபாலருக்கும் நடனம் உடற்கல்வியின் கட்டாயப் பகுதி. படைப்பு நடனம், நாட்டுப்புற நடனம் ஆகியவற்றுடன், ஹிப்-ஹாப்பை உள்ளடக்கிய தற்கால நடனமும் அதில் ஒரு பிரிவு.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமியும், ஆண்கள் பிரிவில் கனடாவின் பில் விசார்டும் தங்கம் வென்றார்கள். நுட்பம், நகர்வு வளம், நிறைவேற்றம், இசையோடு இயைதல், தனித்தன்மை என ஐந்து அளவுகோல்களால் நடுவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்குப் புதிய விளையாட்டுகளைத் தேர்ந்தபோது, கிரிக்கெட் இடம்பெற்றது; அமெரிக்காவிலேயே பிறந்த பிரேக்கிங் இடம்பெறவில்லை!

பதக்கம் போனால் போகட்டும். மாணவர்களுக்கு அதில் கிடைக்கக்கூடியது வேறொன்று. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பெண்களில் இது 85, ஆண்களில் 78. மைதானம் இல்லாத பள்ளி உண்டு. அணியில் இடம் கிடைக்காத மாணவர் உண்டு. விளையாட வெளியே அனுப்பப்படாத பெண்கள் உண்டு. இத்தகையோருக்கு, ஓர் அறையில் நான்கு பேர் கூடி ஆடக்கூடிய ஆட்டம் சிறிய வாய்ப்பன்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நிற்கும்போது கழுத்து தாங்குவது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை மட்டுமே. 60 கிலோ எடையுள்ளவர் தலைகீழாக நின்றால், அதே கழுத்தின்மேல் 55 கிலோ அழுந்தும். பல்லாண்டுகள் தலையால் சுழன்ற டென்மார்க் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் உச்சந்தலையில் கட்டி வளர்ந்து, அறுவை செய்து நீக்க நேர்ந்ததை 2024இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஆகவே புதியவர்கள் நின்று ஆடும் அடிகளில் தொடங்க வேண்டும். முதலில் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். தலையால் சுழல்வதைப் பயிற்சியாளர் இன்றி முயலவே கூடாது.

அன்று பள்ளி ஆடைக்காகச் சில்லறை சேர்க்க ஒரு மாணவி கூட்டிய விருந்தில் ஒலித்த தாளம் இன்று ஜப்பானியப் பாடத்திட்டம் வரை எட்டியிருக்கிறது. வராந்தாவில் ஆடும் மாணவர்களைக் கண்டால் நான் இப்போது முகம் சுளிப்பதில்லை. அந்தக் காவலர்களிடம் கற்றுக்கொண்டபடி, 'எங்கே, இன்னொரு முறை ஆடிக் காட்டுங்கள்' என்கிறேன். மறுநாள் கோண உந்தப் பாடத்துக்கு எனக்குச் சுழல் நாற்காலி தேவைப்படுவதில்லை.