அறிதலும் ஏற்றலும்: இறைச்சான்று குறித்து ஒரு வரலாற்று நோக்கு

இறைவன் இருக்கிறான் என்பதற்கு ஐயத்திற்கு இடமில்லாத சான்று ஒன்று கிடைத்துவிட்டால் நாத்திகர் தம் கொள்கையைக் கைவிடுவாரா? பார்வைக்கு இக்கேள்வி எளியது. ஆனால் இதனுள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அத்தகைய சான்று இயலுமா என்பது ஒன்று. இயன்றாலும் அது மனிதனை மாற்றுமா என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு விடைகாண நம் முன்னோர் இல்முல் கலாம் என்னும் ஒரு கலையையே வளர்த்தனர். உலகம் தோற்றமுடையது, தோற்றமுடையதற்குத் தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்று கலாம் அறிஞர்கள் வாதிட்டனர். இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடிய பொருள்கள் அனைத்தும், இல்லாதிருக்கவே இயலாத ஒருவனைச் சார்ந்துதான் நிற்க முடியும் என்று இப்னு ஸீனா (980–1037) நிறுவினார். படைப்பில் காணப்படும் பராமரிப்பையும் படைப்பாற்றலையும் இப்னு ருஷ்து (1126–1198) சான்றுகளாக எடுத்துவைத்தார். இச்சான்றுகள் நம்மிடையே பலகாலும் பேசப்படுபவை. இரண்டாம் கேள்வியோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கும் நம் அறிவு மரபில் தெளிவான விடை உண்டு. அவ்விடையையே ஈண்டு நாம் நோக்க விரும்புகிறோம்.

ஒரு நாத்திகரின் மாற்றம்

அண்மைக் கால வரலாறு இக்கேள்விக்கு ஓர் அரிய சோதனையை நமக்குத் தந்திருக்கிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃபிளூ 1923இல் இலண்டனில் பிறந்தவர். மெதடிஸ்ட் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகன். இளமையிலேயே இறைநம்பிக்கையை இழந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் சாக்ரட்டீஸ் மன்றத்தில் படித்து 1950இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றால் புகழ்பெற்றார். அதில் ஓர் உவமை வருகிறது. காட்டின் நடுவே பூக்களும் களைகளும் மண்டிய ஒரு வெளியை இரு பயணிகள் காண்கின்றனர். இதைப் பேணும் தோட்டக்காரன் ஒருவன் உண்டு என்கிறான் ஒருவன். மற்றவன் மறுக்கிறான். காவலிருந்தும், மின்வேலி இட்டும், மோப்ப நாய்களை விட்டும் பார்க்கிறார்கள், எவரும் அகப்படவில்லை. முதலாமவனோ, அவன் கண்ணுக்குப் புலப்படாதவன், தொட முடியாதவன் என்று கூறிக்கொண்டே போகிறான். அப்படியாயின் அந்தத் தோட்டக்காரனுக்கும் இல்லாத தோட்டக்காரனுக்கும் என்ன வேறுபாடு என்பதே உவமை எழுப்பும் வினா. எது நிகழ்ந்தால் உங்கள் நம்பிக்கையை விடுவீர்கள் என்று ஆத்திகரை நோக்கி ஃபிளூ கேட்டார்.

நேர்மையான கேள்விதான். ஆனால் அதே கேள்வி நாத்திகருக்கும் உரியது. எது நிகழ்ந்தால் உங்கள் மறுப்பை விடுவீர்கள்? அமெரிக்கத் தத்துவ அறிஞர் நார்வுட் ரஸ்ஸல் ஹான்சன் (1924–1967) இதற்கு வெளிப்படையாகவே விடையளித்தார். வானம் பிளந்து, பேருருவம் ஒன்று உலகோர் அனைவரும் காணத் தோன்றி, தம்மைப் பெயர் சொல்லி அழைத்துத் தான் இருப்பதாக அறிவித்தால் தாம் நம்பிவிடுவதாக எழுதினார். அவர் சொல்லில் நாம் ஐயம் கொள்ளவில்லை. ஆயினும் திருக்குர்ஆனின் ஹிஜ்ர் அத்தியாயம் (15:14, 15) இத்தகைய நிலை ஒன்றைக் குறிப்பிடுவது கருதத்தக்கது. வானத்தின் வாயில் ஒன்று திறக்கப்பட்டு, மறுப்போர் அதன் வழியே ஏறிச் சென்றுகொண்டே இருந்தாலும், தங்கள் கண்கள் மயக்கப்பட்டன என்றும் தங்களுக்குச் சூனியம் செய்யப்பட்டது என்றும்தான் கூறுவர் என்கிறது அது. கண்டதை ஐயுறுவதற்கு மனித மனத்திற்கு எப்போதும் ஒரு வழி திறந்தே இருக்கிறது.

ஃபிளூவின் கதைக்குத் திரும்புவோம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாத்திகத்தின் முதன்மையான வாதியாக விளங்கிய அவர், 2004ஆம் ஆண்டின் இறுதியில், தம் 81ஆம் வயதில், பேரறிவு வாய்ந்த ஒரு மூலகாரணம் இருப்பதாகத் தாம் இப்போது கருதுவதை அறிவித்தார். உயிரின் தோற்றத்திலும் மரபணுவின் அமைப்பிலும் காணப்படும் வியத்தகு சிக்கலே அவரை இம்முடிவுக்கு உந்தியது. வாதம் எங்கே இட்டுச் செல்கிறதோ அங்கே செல்லுதல் என்னும் சாக்ரட்டீஸின் நெறியையே தாம் பின்பற்றியதாகவும் அவர் கூறினார். எனவே சான்று ஒரு நாத்திகரை மாற்றக்கூடும் என்பதற்கு ஃபிளூவே சாட்சி.

ஆனால் அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் உற்று நோக்க வேண்டும். 2007இல் அவர் பெயரில் வெளிவந்த நூலைக் கண்ட நாத்திகர் பலர் சான்றை ஆராய்வதை விட்டுச் சான்று கூறியவரின் முதுமையை ஆராய்ந்தனர். நூலை உண்மையில் எழுதியவர் உடனிருந்த எழுத்தாளரே என்னும் சர்ச்சை எழுந்தது. கருத்துகள் தம்முடையவையே என்று ஃபிளூ உறுதிப்படுத்தியும் அது அடங்கவில்லை. மறுபுறம், ஆத்திகர் பலர் வெற்றி முழக்கம் செய்தனர். அவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். ஃபிளூ ஏற்றுக்கொண்டது அரிஸ்டாட்டில் கூறிய மூலகாரணம் போன்ற ஒன்றை மட்டுமே. அது மனிதரின் வேண்டுதலைச் செவிமடுப்பதில்லை, தூதரை அனுப்புவதில்லை, கணக்குக் கேட்பதுமில்லை. மறுமை வாழ்வை அவர் ஏற்கவில்லை. 2010இல் மறையும்வரை எந்த மார்க்கத்திலும் அவர் இணையவும் இல்லை. சான்று அவருடைய கருத்தொன்றை மாற்றியது. ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் இடம்வரை அது அவரை அழைத்துச் செல்லவில்லை.

அறிந்தவர் எல்லாம் நம்பியவரா?

இந்த இடைவெளி இஸ்லாமிய அறிஞர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது பெரும் விவாதமாக வெடித்தது. ஹிஜ்ரி 128இல் (கி.பி. 746) கொல்லப்பட்ட ஜஹ்ம் இப்னு ஸஃப்வான், ஈமான் என்பது இறைவனை அறிதல் மட்டுமே என்று கூறினார். அறிவு உள்ளத்தில் தோன்றிவிட்டால் ஈமான் முழுமையாகிவிட்டது என்பது அவர் கொள்கை. இது உண்மையானால் சான்று தெளிவாகக் கிடைத்த எவரும் அந்தக் கணமே இறைநம்பிக்கையாளர் ஆகிவிட வேண்டும். நம் கேள்விக்கும் விடை எளிதாகிவிடும்.

அறிஞர்கள் இதனை வன்மையாக மறுத்தனர். அறிதல் மட்டுமே ஈமான் என்றால் இப்லீஸும் ஈமான் கொண்டவனாகிவிடுவானே என்று கேட்டனர். இறைவனின் இருப்பில் இப்லீஸுக்குச் சிறிதும் ஐயமில்லை; அவன் இறைவனோடு உரையாடியவன்; தன் இறைவனே என்று விளித்தவன். அவனிடம் இல்லாதது சான்று அன்று, பணிவு. ஃபிர்அவ்னின் கூட்டத்தாரைப் பற்றி நம்ல் அத்தியாயம் (27:14) கூறுவதும் இதுவே. அவர்களின் உள்ளங்கள் அத்தாட்சிகளை உறுதியாக அறிந்திருந்தன. அநியாயத்தாலும் ஆணவத்தாலும் நாவால் மறுத்தனர். மூஸா நபியின் (அலை) கைத்தடி பாம்பானதை ஃபிர்அவ்னும் கண்டான். அவன் அழைத்து வந்த சூனியக்காரர்களும் கண்டனர். காட்சி ஒன்றே. சூனியக்காரர்கள் ஸஜ்தாவில் வீழ்ந்தனர். ஃபிர்அவ்ன் அவர்களின் கைகால்களைத் துண்டிப்பதாக மிரட்டினான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலும் ஒரு நிகழ்வு உண்டு. ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பின் (கி.பி. 628) ரோமப் பேரரசர் ஹிர்கலுக்கு நபியவர்களின் மடல் சென்றது. அப்போது ஷாமில் வணிகத்தின் பொருட்டு வந்திருந்த அபூ ஸுஃப்யானை அழைத்து ஹிர்கல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்டதையும், விடைகளைக் கொண்டு நபித்துவத்தின் உண்மையை உய்த்துணர்ந்ததையும் புகாரியின் முதல் அத்தியாயம் விரிவாகப் பதிவு செய்துள்ளது. இன்றைய ஆய்வாளர் எவரும் பாராட்டத்தக்க விசாரணை அது. எனினும் அவையோர் சீறி எழுந்ததும், உங்கள் உறுதியைச் சோதித்துப் பார்த்தேன் என்று கூறிப் பேரரசர் பின்வாங்கிவிட்டார். அறிவு ஒரு பக்கம் இழுத்தது. அரியணை மறுபக்கம் இழுத்தது.

இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில்தான் ஈமானின் இலக்கணம் வகுக்கப்பட்டது. தஸ்தீக், அதாவது உள்ளத்தால் மெய்ப்படுத்தல் என்னும் சொல்லை அறிஞர்கள் தேர்ந்தனர். நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்படும் ஷரஹுல் அகாயிதில் இமாம் தஃப்தாஸானி (ரஹ்) இதனை நுட்பமாக விளக்குகிறார். ஒரு செய்தி உண்மை என்று மனத்தில் படுவது மட்டும் தஸ்தீக் ஆகாது. அதற்கு இணங்குதலும் அதனை ஏற்றுக்கொள்ளுதலும் சேர வேண்டும். படுவது நம்மையறியாமல் நிகழக்கூடும். ஏற்பது நாமே செய்வது. சான்றின் ஆட்சி முதலாவதோடு முடிந்துவிடுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கண்ட நோயும் மருந்தும்

இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). இளமையில் புலன்களின் மீதும் பின்னர் அறிவின் அடிப்படை உண்மைகள் மீதும் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது. ஏறத்தாழ இரண்டு மாதம் இந்நிலை நீடித்ததாக அல்முன்கித் நூலில் எழுதுகிறார். சான்றினால் அந்நோயை நீக்க முடியவில்லை. ஏனெனில் சான்று ஒன்றை அமைப்பதற்கே அடிப்படை உண்மைகள் தேவை. அவையே ஐயத்திற்கு உள்ளாகியிருந்தன. இறைவன் தம் நெஞ்சில் பாய்ச்சிய ஒளியாலேயே தாம் குணமடைந்ததாக அவர் கூறுகிறார்.

அதனினும் ஆழ்ந்த படிப்பினை அவரது இரண்டாவது நெருக்கடியில் இருக்கிறது. 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் அவர் புகழின் உச்சியில் இருந்தார். இறைவன், நபித்துவம், மறுமை ஆகிய மூன்றிலும் அவருக்கு அசையாத உறுதி ஏற்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பதவியையும் பெயரையும் உதறி எழ ஏறத்தாழ ஆறு மாதம் அவர் தவித்தார். நா உலர்ந்து பாடம் நடத்த இயலாது போயிற்று. மருத்துவர்கள் இது உள்ளத்தின் நோய் என்று கைவிரித்தனர். சான்றுகள் அனைத்தையும் அறிந்த மார்க்க மேதைக்கே உலகப் பற்றிலிருந்து ஓரடி எடுத்து வைப்பது இவ்வளவு கடினமாயிருந்ததென்றால், வாதம் ஒன்றில் தோற்ற நாத்திகர் மறுநாளே மனம் மாறவில்லை என்று வியப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

அதே இமாம், அல்இக்திஸாத் என்னும் நூலின் முன்னுரைகளுள் ஒன்றில் கலாம் கலையின் சான்றுகளை மருந்துக்கு ஒப்பிடுகிறார். கைதேர்ந்த மருத்துவன் கையில்தான் மருந்து பயன் தரும். தேர்ச்சியற்றவன் குணப்படுத்துவதைவிடக் கெடுப்பதே அதிகம். மனிதரை அவர் நான்கு வகையினராகப் பிரிக்கிறார். வாதம் அறியாமலே உறுதியான ஈமான் கொண்டோரை அப்படியே விட்டுவிட வேண்டும். பிடிவாதத்தில் ஊறியோருக்குச் சான்று பயனளிக்காது. நம்பியிருந்தும் கூரிய அறிவால் ஐயத்தில் விழுந்தோருக்கும், வழி தவறியிருந்தும் உண்மையை ஏற்கும் தகுதியுடையோருக்கும் மட்டும் கனிவோடு தேவையான அளவு மருந்து தர வேண்டும். தவறான கொள்கைகள் பாமரர் உள்ளங்களில் வேரூன்றியதற்குப் பெரும் காரணம், உண்மையின் பக்கம் நின்ற சிலரின் வெறியே என்றும் அவர் சுட்டுகிறார். அவர்கள் உண்மையைச் சவாலாக வீசினர். எதிரியை இழிவாக நோக்கினர். அதனால் எதிரியின் உள்ளத்தில் பகைமை கிளர்ந்தது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கருத்து நம் காலத்து மேடை விவாதங்களை நினைவூட்டவில்லையா?

தமிழகத்து நாத்திகம்

எதிரில் நிற்பவரின் மறுப்பு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறியாமல் மருந்து கொடுக்க முடியாது. இதற்குத் தமிழகமே நல்ல சான்று. பெரியார் ஈ.வெ.ராமசாமி (1879–1973) வளர்த்த நாத்திகத்தின் வேர், மூலகாரணம் பற்றிய தத்துவ ஐயத்தில் இல்லை. பிறப்பால் மனிதனை இழிவுபடுத்திய சாதியமைப்பும், அதற்கு இறைவனின் பெயரால் வழங்கப்பட்ட ஒப்புதலுமே அவரைக் கொதிக்கச் செய்தன. கடவுள் நேரில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என அவர் விடையளித்ததாக ஒரு வாய்மொழிச் செய்தி வழங்குகிறது. அது உண்மையாயினும், கடவுள் உண்டு என்று ஒப்புவதால் மட்டும் அவருடைய சீற்றம் தணிந்திருக்கும் என்று நாம் எண்ணவில்லை. அவர் கேட்டது நீதியை.

அதே பெரியார் மீலாது விழா மேடைகளில் பேசினார் என்பதும், தீண்டாமை இழிவு நீங்க இஸ்லாத்தைத் தழுவுமாறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அறிவுரை கூறினார் என்பதும் வரலாறு. இறைவனை மறுத்தவர் இஸ்லாத்தின் சமத்துவத்தை மதித்தார். அவரை ஈர்த்தது இப்னு ஸீனாவின் வாதம் அன்று. ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்ற தொழுகையாளிகளின் காட்சி. மார்க்கம் சிதைந்த வடிவில் மட்டுமே சென்றடைந்த மக்களின் மறுப்பை, உண்மை வடிவில் அறிந்த பின் மறுப்போரின் மறுப்போடு ஒன்றாக எண்ணலாகாது என்று இமாம் கஸ்ஸாலி ஃபைஸலுத் தஃப்ரிகாவில் வகுத்த நெறியும் இங்கே நினைக்கத்தக்கது.

முடிவாக

சான்று நாத்திகரை மாற்றுமா என்ற கேள்விக்கு நம் மரபு தரும் விடை இதுதான்: சான்று தடையை நீக்கும், நடையைத் தராது. அறிவில் முள் தைத்தவருக்கு அது முள்ளை எடுக்கும். ஆணவத்தாலோ அச்சத்தாலோ பட்ட காயத்தாலோ நின்றுவிட்டவருக்கு வேறு மருந்து வேண்டும். இதனால் சான்றின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. முள் தைத்தவர்கள் இன்று நம் இல்லங்களிலேயே இருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து ஐயத்தோடு திரும்பும் மகனுக்கும் மகளுக்கும் சினத்தையே விடையாகத் தருவோமானால், இமாம் அஞ்சிய தேர்ச்சியற்ற மருத்துவர் நாமாகிவிடுவோம்.

இப்ராஹீம் நபி (அலை) இறந்தோரை உயிர்ப்பிப்பதைக் காட்டுமாறு இறைவனிடம் வேண்டியபோது, நீர் நம்பவில்லையா என்று வினவப்பட்டது. நம்புகிறேன், என் உள்ளம் அமைதியுற வேண்டும் என்பதே அவர் அளித்த விடையின் பொருள் (2:260). கேட்டதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை; கேட்டது காட்டப்பட்டது. நம் பிள்ளைகளின் கேள்வியையும் அந்தப் பொறுமையோடுதான் நாம் எதிர்கொள்ள வேண்டும்.