எதிர்த்து ஒரு ஓட்டும் விழாத தீர்மானம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ் பிடித்துப் போய், பத்தரைக்குள் அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து வைத்தாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் 'நம்ம ஜட்ஜ்' என்றால் அது வி. ராமசாமிதான். 1929-இல் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை சட்டக் கல்லூரி என்று படித்து, 1971-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1987-இல் பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதி. 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றம். இந்தப் பக்கத்துப் பையன்கள் கருப்புக் கோட்டுக்கு ஆசைப்பட்டதில் அவருக்கும் பங்கு உண்டு.

சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது ஆன செலவுக் கணக்குதான் அவரைச் சாய்த்தது. அரசு பங்களாவுக்கு வாங்கிய கம்பளம், மேஜை நாற்காலி, நீதிபதிக்கு முன்னால் டவாலி ஏந்திப் போகும் வெள்ளிக்கோல் என்று ஒவ்வொன்றும் கேள்விக்குள்ளானது. 1990 ஜூலையில் இந்தியத் தலைமை நீதிபதி சப்யசாசி முகர்ஜி அவரை வழக்குகளிலிருந்து ஒதுங்கியிருக்கச் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் 108 எம்.பி.க்கள் பதவிநீக்கத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட, சபாநாயகர் ரபி ராய் அதை ஏற்றார். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் மூவர் குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாயின என்றது.

இவருடைய மாமனார் கே. வீராசாமியும் சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1976-இல் சொத்துக் குவிப்பு வழக்கில் சிக்கிப் பதவியை விட்டவர். உயர் நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு.

1993 மே 10, 11 தேதிகளில் மக்களவையில் விவாதம் நடந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சோம்நாத் சாட்டர்ஜி. ராமசாமிக்காக கபில் சிபல் அவையிலேயே மணிக்கணக்கில் வாதாடினார். ஓட்டெடுப்பின்போது அவையில் 401 பேர். ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரசும் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தீர்மானம் தோற்றது.

இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பத்து சென்ட் வரப்புத் தகராறுக்குக்கூட எங்கள் கட்டில் கடைசியில் 'டிக்ரி' என்றோ 'தள்ளுபடி' என்றோ ஒரு உத்தரவு இருக்கும். அவர் குற்றமற்றவர் என்று நினைத்திருந்தால் எழுந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாமே! வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவருக்கும் நியாயம் செய்யவில்லை, ஜனங்களுக்கும் செய்யவில்லை.

சீனாவில் சட்ட அமைச்சராக இருந்த ஃபூ செங்ஹுவாவுக்கு 2022-இல் லஞ்ச வழக்கில் மரண தண்டனை விதித்து, இரண்டு வருஷம் நிறுத்திவைத்தார்கள். அங்கே முதலில் கட்சி கைவிட வேண்டும், பிறகுதான் கோர்ட். அந்த வழி நமக்கு வேண்டாம். ஆனால் இங்கேயும் முடிவைத் தீர்மானித்தது கட்சிக் கணக்குதானே?

ராமசாமி பதவி விலகவில்லை. 1994 பிப்ரவரியில் வயது முடிந்து ஓய்வு பெற்றார். 1999-இல் அ.தி.மு.க. வேட்பாளராகச் சிவகாசியில் நின்று வைகோவிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. 2025 மார்ச்சில், 96 வயதில் காலமானார். அந்த 11 குற்றச்சாட்டுகள் மீது கடைசிவரை ஒரு உத்தரவும் இல்லை.